மாடி அறையில் மீட்டர் கேஜ்!

சென்னை பீச் – தாம்பரம் மீட்டர் கேஜ் மின்ரயில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது! குரோம்பேட்டையில் எங்கள் வீட்டு மாடி அறைக்கு வந்தால் பார்க்கலாம். பல்லாவரம் மலைக்குப் பின்னாலிருந்து வளைந்து வரும். லெவல் கிராசிங் கேட்டைத் தாண்டும். மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்தில் மூன்று மொழிகளில் ஊர்ப் பெயர் எழுதிய பிளாட்பாரத்தில் வந்து நிற்கும். பெட்டியின் உயரம் சுமார் 4 செ.மீ.தான். வந்து நிற்கிற கம்பீரமோ நிஜ வண்டிக்குக் கொஞ்சமும் குறைந்ததல்ல.

மாடல் ரயில்வே அமைப்பதைப்போல மனத்தை நிறைக்கிற பொழுதுபோக்கு வேறொன்று எனக்குத் தெரிந்து கிடையாது. தச்சு வேலை, மின்சாரம், ஓவியம், கணக்கு, சரித்திரம், கம்ப்யூட்டர் எல்லாம் ஒரே மேஜையில் வந்து கூடுகின்றன. அதையும் நாம் பிறந்து வளர்ந்த தாம்பரம் பாதையை வைத்துச் செய்தால் அந்த ருசியே தனி.

இந்தப் பாதையின் பெருமை நம்மில் பலருக்குத் தெரியாது. இந்தியாவில் ஒரு காலத்தில் மீட்டர் கேஜ் பாதைகள் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நீளத்துக்கு விரிந்து கிடந்தன. அவற்றில் மேலே மின்கம்பி போட்டு ரயில் விட்டது இந்த ஒன்றில்தான். 1931-ல் பீச்சிலிருந்து தாம்பரம் வரை மின்ரயில் வந்தது. அப்போது 1,500 வோல்ட் டி.சி. மின்சாரம். 1960-களில் அது 25,000 வோல்ட் ஏ.சி.யாக மாறி, கம்பி விழுப்புரம் வரை நீண்டது. அந்தப் பாதைக்கென்றே ஜப்பானில் மிட்சுபிஷி நிறுவனம் செய்து அனுப்பிய மின் எஞ்சின்தான் ஒய்.ஏ.எம்.-1. நாட்டில் வேறெங்கும் அதற்கு வேலை இல்லை, ஏனென்றால் வேறெங்கும் அப்படிப்பட்ட பாதையே இல்லை. 1992-ல் யூனிகேஜ் திட்டம் வந்தது. மீட்டர் கேஜ் ஒவ்வொன்றாக அகலப் பாதையானது. 2004 ஜூலை 1-ஆம் தேதியோடு நம் பீச் – தாம்பரம் மீட்டர் கேஜ் மின்ரயிலும் விடைபெற்றது.

இப்படி நாட்டுக்கே ஒன்றாக இருந்த ஒரு ரயில்வே, நம் வீட்டு வாசலில் ஓடியிருக்கிறது. அதைத் திரும்ப ஓடவைக்க ஒரு வழி இருக்கிறது என்று தெரிந்த பிறகு கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருக்க முடியுமா?

முதலில் அளவைச் சொல்கிறேன். இந்தப் பொழுதுபோக்கின் இலக்கணமே அங்கேதான் தொடங்குகிறது. உலகில் அதிகம் பேர் வைத்திருப்பது எச்.ஓ. அளவு. நிஜத்தில் 87 மீட்டர் என்றால் மாடலில் ஒரு மீட்டர். இன்னும் சின்னதாக வேண்டுமென்றால் என் ஸ்கேல், 160-ல் ஒரு பங்கு. எச்.ஓ. தண்டவாளங்களின் இடைவெளி 16.5 மி.மீ. ஐரோப்பா, அமெரிக்காவின் ஸ்டாண்டர்டு கேஜான 1,435 மி.மீ.-ஐ 87-ஆல் வகுத்தால் வருவது அது.

நம் ஊர் அகலப் பாதை 1,676 மி.மீ. அதை 87-ஆல் வகுத்தால் 19.3 மி.மீ. வருகிறது. அந்த அளவுக்குத் தண்டவாளம் கடையில் கிடைக்காது. அதனால் இன்றைய அகலப் பாதை ரயில்களை மாடல் செய்கிறவர்கள் கிட்டத்தட்ட 3 மி.மீ. குறுகலான தண்டவாளத்தில்தான் ஓட்ட வேண்டியிருக்கிறது. மீட்டர் கேஜைப் பாருங்கள்! 1,000 மி.மீ.-ஐ 87-ஆல் வகுத்தால் 11.5. ஐரோப்பாவில் எச்.ஓ.எம். என்று 12 மி.மீ. தண்டவாளம் தயாராக விற்கிறார்கள். வித்தியாசம் வெறும் அரை மி.மீ.! ஸ்விட்சர்லாந்தின் புகழ்பெற்ற ரேட்டியன் ரயில்வே மீட்டர் கேஜ். அதை மாடல் செய்கிறவர்களுக்காகச் செய்த தண்டவாளம் நம் குரோம்பேட்டைக்கும் அப்படியே பொருந்துகிறது. ஆல்ப்ஸ் மலை ரயிலுக்கான சாமான் தாம்பரம் மின்ரயிலுக்கு உதவுகிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் புல்லரிக்கும். இந்திய ரயில்வேயை அளவு பிசகாமல் மாடல் செய்ய ஆசைப்படுகிறவர்களுக்கு அகலப் பாதையைவிட மீட்டர் கேஜ்தான் பொருத்தமானது. இதை நான் யாரிடமும் அடித்துச் சொல்வேன்.

அடுத்தது இடம். நிஜத்தின் ஒரு கிலோமீட்டர், எச்.ஓ.வில் பதினொன்றரை மீட்டர். குரோம்பேட்டையிலிருந்து தாம்பரம் வரை முழுவதையும் அளவு மாறாமல் போட ஒரு கல்யாண மண்டபமே வேண்டும். அதற்காகத்தான் எல்லா நாட்டு மாடல் ரயில்காரர்களும் ஒரு உத்தி வைத்திருக்கிறார்கள். முக்கியமானதை முழுசாக வை, நடுவில் இருப்பதைச் சுருக்கு. என் லே-அவுட்டில் குரோம்பேட்டை நிலையமும் ராதா நகர் பக்கம் போகிற லெவல் கிராசிங்கும் இருக்கின்றன. அதை அடுத்து ஒரு வளைவு, பிறகு தாம்பரம் யார்டு. நடுவில் வரும் சானடோரியம் நிலையத்தை ஒரு மரத்தோப்பும் சில கட்டடக் கூரைகளும் காட்டிக்கொடுக்கும். மறுகோடியில் பல்லாவரம் மலை. மலைக்குப் பின்னால், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், வண்டிகள் வரிசையாக ஒளிந்து நிற்கிற தண்டவாளங்கள். அதுதான் எனக்கு பீச், எழும்பூர், மாம்பலம் எல்லாம். மலைக்குள் போன வண்டி கொஞ்ச நேரம் கழித்து வேறொரு வண்டியாக வெளியே வரும்போது, எங்கோ தொலைவிலிருந்து வருகிறது என்ற உணர்வு நிஜமாகவே தோன்றும்.

மேஜைக்கு எட்டுக்கு நான்கு அடி பிளைவுட் பலகை போதும். எச்.ஓ.வில் ஒரு முழு வட்டப் பாதை அதில் அடங்கும். மர டிப்போவில் தண்ணீர் தாங்கும் ரகமாகப் பார்த்து வாங்கி, இருபுறமும் பெயின்ட் அடித்துவிட்டால் ஐப்பசி மழை ஈரத்தில் உப்பாது. அடியில் மரச்சட்டம் கட்ட வேண்டும். தண்டவாளத் துண்டுகளை இணைக்கும்போது ஒரு காகிதம் நுழைகிற இடைவெளி விட வேண்டும். கத்திரி வெயிலில் உலோகம் நீளும். நிஜ ரயில்வே பொறியாளருக்கு இருக்கிற அதே கவலை உங்கள் மேஜைமேலும் வந்துவிடுகிறது. அங்கேதான் இந்தப் பொழுதுபோக்கின் மகிமை!

ஜல்லி போடுவது என் லே-அவுட்டின் திருவிழா. எம்-சாண்டைக் கழுவிக் காயவைத்து டீ வடிகட்டியில் சலித்தால், ஒரே சீரான பொடிக் கற்கள் கிடைக்கும். தண்டவாளங்களுக்கு நடுவே அதைத் தூவுகிற பொறுப்பு அம்மாவுடையது. வாசலில் தினம் கோலம் போட்டுப் பழகிய விரல்களுக்கு, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலிருந்து எவ்வளவு விழ வேண்டும் என்று தெரியும். மெல்லிய பிரஷ்ஷால் ஒதுக்கிவிட்டு, தண்ணீர் கலந்த ஃபெவிகாலில் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் சேர்த்து, இங்க் ஃபில்லரால் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். அந்த ஒரு சொட்டுத்தான் ரகசியம். அது இருந்தால் பசை கற்களுக்குள் பரவி இறங்கும், இல்லையென்றால் உருண்டை உருண்டையாக மேலேயே நிற்கும். மறுநாள் காலை காய்ந்ததும் பார்த்தால், அசல் ரயில் பாதை! அம்மா அதைப் பார்த்துவிட்டு, "இது நம்ம ஸ்டேஷனேதான்" என்றார். எந்தப் பரிசும் அதற்கு ஈடாகாது.

மண்ணையும் நம் ஊரிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். மலையடிவாரத்துச் செம்மண்ணை வெயிலில் நன்றாகக் காயவைத்துச் சலித்து உபயோகித்தேன். எந்த வெளிநாட்டுக் கடைப் பெயின்டும் அந்த நிறத்தைத் தராது. மலைக்குத் தெர்மோகோலை அடுக்கி, மேலே பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். பனைமரத்துக்கு முறுக்கிய செப்புக் கம்பியும் வெட்டிய காகிதமும். புதருக்குத் தென்னை நார். ஐரோப்பாவிலிருந்து வருகிற பாக்கெட்டுகளில் பெரும்பாலும் அந்த ஊர் மரங்கள்தான் இருக்கும். வேலிகாத்தானும் பனையும் வேண்டுமென்றால் நாமே செய்துகொள்ள வேண்டும். செய்யச் செய்ய, ஜி.எஸ்.டி. ரோட்டில் நடக்கும்போது ஒவ்வொரு மரத்தையும் நின்று பார்க்கிற பழக்கம் வந்துவிடும். நடைமேடைக் கூரையின் சாய்வு, பாலத்துப் படிக்கட்டின் கைப்பிடி, தண்டவாளத்தின்மேல் படிந்த துருவின் நிறம் என்று தினம் பார்த்த ஊரை முதல்தடவையாகப் பார்ப்போம். இந்தப் பொழுதுபோக்கு எனக்குக் கொடுத்த பெரிய வரம் இதுதான் என்பேன். ரயில் சின்னதாகச் சின்னதாக ஊர் பெரிதாகிறது.

இனி வண்டிகள். தாம்பரம் மீட்டர் கேஜ் மின்ரயிலைக் கடையில் பெட்டியோடு வாங்கிவர முடியாது. ஆகவே நம் கையால் உருவாக்குகிற பாக்கியம் கிடைக்கிறது! அடியில் 12 மி.மீ. பாதைக்கான வெளிநாட்டு மோட்டார் சாசி. மேலே பிளாஸ்டிக் ஷீட்டை வெட்டி ஒட்டிய உடல். சில பாகங்களை கம்ப்யூட்டரில் வரைந்து த்ரீ-டி பிரிண்டரில் எடுத்துக்கொள்கிறேன். பழைய புகைப்படங்களைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து ஜன்னல்களை எண்ணுவதில் இருக்கிற ஆனந்தம் சொல்லி மாளாது. மீட்டர் கேஜ் பயணிகள் பெட்டி ஏறக்குறைய பத்தொன்பதரை மீட்டர் நீளம். எச்.ஓ.வில் 22 செ.மீ.க்குச் சற்று அதிகம். நான்கு பெட்டிகள் சேர்த்தாலே கிட்டத்தட்ட ஒரு மீட்டர். ஆகவே என் மின்ரயிலுக்கு நான்கு பெட்டி. எக்ஸ்பிரஸ்ஸுக்கு ஒன்று கூடுதல். ஒய்.டி.எம்.-4 டீசல் எஞ்சின் மாடலை முன்னால் மாட்டி, வைகை எக்ஸ்பிரஸ் என்று ஓட விடுவேன். 1977 சுதந்திர தினத்தன்று தொடங்கி மதுரைக்காரர்களின் செல்லமாக விளங்கிய வண்டி அல்லவா அது! அது குரோம்பேட்டையில் நிற்காமல் பாய்ந்து போகும். என் லே-அவுட்டிலும் அப்படித்தான்.

மின்சார வேலைக்கு மவுன்ட் ரோடு பக்கம் ரிச்சி தெரு. அந்தத் தெருவுக்குப் போவதே ஒரு யாத்திரை. எல்.இ.டி., ஒயர், சால்டரிங் அயன், சர்வோ மோட்டார், ஆர்டுயினோ போர்டு என்று எது கேட்டாலும் எடுத்துப் போடுவார்கள். பழைய முறையில் தண்டவாளத்தில் 12 வோல்ட் டி.சி. விட்டால், மேஜைமேல் இருக்கிற எல்லா எஞ்சினும் சேர்ந்தே ஓடும். பாசிட்டிவ், நெகட்டிவ்வை மாற்றினால் எல்லாம் சேர்ந்தே பின்னால் போகும். 1990-களில் பரவிய டி.சி.சி. முறையில் ஒவ்வொரு எஞ்சினுக்குள்ளும் ஒரு சின்ன டிகோடர் சிப். அதற்கென்று ஒரு எண். தண்டவாளத்தின் வழியாகவே மின்சாரமும் போகிறது, உத்தரவும் போகிறது. மூன்றாம் எண் வண்டி மட்டும் நகரட்டும் என்றால் அது மட்டும் நகரும். விளக்கு, ஹாரன் சத்தம் எல்லாம் தனித்தனி. டி.சி.சி.-இ.எக்ஸ். என்று ஒரு இலவசத் திட்டம் இருக்கிறது. ஆர்டுயினோ மெகா போர்டும் ஒரு மோட்டார் ஷீல்டும் வாங்கினால் கட்டுப்பாட்டு நிலையத்தையே நாமே செய்துவிடலாம். கைபேசிதான் ரெகுலேட்டர்!

இந்த மின்சாரப் பைத்தியத்துக்கு ஒரு பெரிய பரம்பரை உண்டு. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1946-ல் மாணவர்கள் ஒரு மாடல் ரயில் மன்றம் தொடங்கினார்கள். மேஜைக்கு மேலே ரயிலும் மலையும். மேஜைக்கு அடியில் டெலிபோன் ரிலேக்களால் ஆன ஒரு பெரிய சுவிட்ச் வலை. அந்த அடிப்பக்கத்தில் படுத்துக் கிடந்த பையன்களில் பலர் பிறகு பெயர்பெற்ற கம்ப்யூட்டர் புரோகிராமர்கள் வரிசையில் போய் நின்றார்கள். எங்கள் குரோம்பேட்டையிலும் 1949-ல் தொடங்கிய எம்.ஐ.டி. (மெட்ராஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி) இருக்கிறது. அப்துல் கலாமும் எழுத்தாளர் சுஜாதாவும் படித்த கல்லூரி. அந்த வளாகத்திலும் ஒரு மாடல் ரயில் மன்றம் வரவேண்டும் என்பது என் நீண்ட நாள் ஆசை. ஒரு செமஸ்டர் பாடத்தில் கிடைக்காத படிப்பு, வண்டியின் பாதையை மாற்றும் ஒரு பாயிண்ட் மோட்டாரைச் சரியாகத் திருப்பவைப்பதில் கிடைக்கும்.

உலகம் முழுக்க இந்த ஆசை பரவிக் கிடக்கிறது. ஜெர்மனியின் மார்க்லின் நிறுவனம் 1891-லேயே லைப்சிக் சந்தையில், ஒன்றோடொன்று சேர்க்கக்கூடிய தண்டவாளங்களோடு பொம்மை ரயிலைக் காட்டியது. அதே ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரத்தில் 2001-ல் இரட்டைச் சகோதரர்கள் தொடங்கிய மினியேச்சர் வுண்டர்லாண்ட் இன்று உலகின் மிகப் பெரிய மாடல் ரயில்வே. நம் நாட்டிலும் புனேயில், கோத்ரூட் பகுதியில், பாவ்சாகேப் ஜோஷி என்ற ரசிகர் தன் வாழ்நாள் ஆசையை 1998-ல் ஒரு மினியேச்சர் ரயில்வே மியூசியமாகத் திறந்தார். விளக்குகளை அணைத்து, அந்தச் சின்ன நகரத்தில் இரவு வரவழைத்துக் காட்டுவார்கள். சென்னையில் பெரம்பூர் ஐ.சி.எஃப். பக்கத்தில் 2002-ல் திறந்த ரயில் அருங்காட்சியகத்தையும் விட்டுவிடாதீர்கள். பழைய எஞ்சின்களின் பக்கத்தில் நின்று அளவெடுத்து, ரிவெட்டுகளைப் போட்டோ எடுத்துக்கொண்டு வர அதைவிட நல்ல இடம் இல்லை.

கட்டுவது பாதி சந்தோஷம், ஓட்டுவது மீதி. வட்டமாகச் சுற்றவிட்டு வேடிக்கை பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள். டைம் டேபிள் போட்டு ஓட்டுங்கள்! பீச்சிலிருந்து வரும் லோக்கல் குரோம்பேட்டையில் நிற்க வேண்டும். பின்னால் வைகை காத்திருக்கிறது. தாம்பரத்தில் பிளாட்பாரம் காலியாக வேண்டும். யார்டில் ஒரு கூட்ஸ் வண்டி பாதையை மறிக்கிறது. ஷன்ட் செய்து லூப் லைனில் தள்ள வேண்டும். இரண்டு பேர் ஓட்டுநர், ஒருவர் ஸ்டேஷன் மாஸ்டர் என்று உட்கார்ந்தால் பொழுது போவதே தெரியாது.

எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருக்கிறார். இந்தப் பாதையிலேயே மோட்டார்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். ரெகுலேட்டரை அவர் கையில் கொடுத்தேன். எடுத்த எடுப்பில் சொன்னார்: "தம்பி, சிக்னல் மஞ்சள்ல இருக்கு. இந்த வேகத்துல வந்தா பிளாட்பாரத்துல நிறுத்த முடியாது." பிறகு அவரே ஓட்டிக் காட்டினார். எங்கே கரன்ட்டைக் குறைக்க வேண்டும், எங்கே வண்டியைத் தானாக உருள விட வேண்டும், எந்த இடத்தில் ஹாரன் என்று ஒவ்வொன்றையும் சொல்லிக் கொடுத்தார். அதிலிருந்து என் வண்டிகள் அளவு வேகத்தில்தான் ஓடுகின்றன. நிஜத்தில் மணிக்கு 60 கி.மீ. என்றால் மேஜைமேல் நொடிக்கு 19 செ.மீ. பொறுமையாக, கனமாக, அசல் ரயிலாக நகரும். எந்தப் புத்தகத்திலும் கிடைக்காத பாடங்கள் அவரிடம் இருந்தன. லே-அவுட் இல்லாவிட்டால் அவற்றை நான் கேட்டிருக்கவே மாட்டேன்.

குழந்தைகளைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் வந்தால் முதல் கேள்வி, "அங்கிள், இது ஏன் இவ்வளவு ஒல்லியான டிராக்?" அங்கிருந்து பேச்சு மீட்டர் கேஜுக்குப் போகும், யூனிகேஜுக்குப் போகும், குரோம் லெதர் கம்பெனியால் ஊருக்குப் பெயர் வந்த கதைக்குப் போகும். அவர்கள் பிறப்பதற்கு முன்பே நின்றுபோன ரயிலை அவர்களே ஓட்டுகிறார்கள். கைபேசியைக் கீழே வைத்துவிட்டு லெவல் கிராசிங் கேட்டை ஏற்றி இறக்குகிறார்கள். ஒரு வகுப்பறை இதைவிட என்ன செய்துவிட முடியும்?

நீங்களும் தொடங்குங்கள். பெரிய அறை வேண்டாம். ஃபிளாட்டில் இருக்கிறவர்களுக்கு என் ஸ்கேல் இருக்கிறது. கட்டிலுக்கு அடியில் தள்ளிவைக்கிற பலகையிலேயே ஒரு நிலையமும் ஒரு லூப் லைனும் அடங்கும். எஞ்சினுக்கு மட்டும் பணம் சேர்த்து நல்லதாக ஒன்று வாங்குங்கள். மோட்டார் நன்றாக இருந்தால் மற்றதெல்லாம் கைவேலையில் வந்துவிடும். தண்டவாளத்தை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் அடிக்கடி துடையுங்கள். நம் ஊர்ப் புழுதியில் வண்டி தடங்காமல் ஓட அதுதான் மருந்து. ஆல்ப்ஸை மாடல் செய்ய உலகில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். மீனம்பாக்கத்தையும் பழவந்தாங்கலையும் வண்டலூரையும் நாம்தான் செய்ய வேண்டும்.

அதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. உங்கள் வீட்டு ஆல்பத்தில் பழைய மீட்டர் கேஜ் ரயிலோ நிலையமோ தெரிகிற போட்டோ இருந்தால் பத்திரப்படுத்துங்கள். மீட்டர் கேஜில் வேலை பார்த்த பெரியவர் உங்கள் தெருவில் இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமையே போய் அவர் பக்கத்தில் உட்காருங்கள்.